ஜெபர்சன் வீட்டில் தணிக்கை

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கென்று எழுதாத பாடத்திட்டம் ஒன்று உண்டு. முதல் தாள் நயாகரா. இரண்டாவது சுதந்திர தேவி. மூன்றாவது பிட்ஸ்பர்க் பெருமாள். நான்காவது, வெள்ளை மாளிகையின் இரும்பு வேலியைப் பிடித்துக்கொண்டு எடுக்கும் படம். எல்லாத் தாளிலும் தேறிய பிறகும் ஊர் திரும்ப மாதக்கணக்கில் நாள் கிடக்கும். அப்புறம் சனிக்கிழமை வந்தால் காஸ்ட்கோ, ஞாயிற்றுக்கிழமை வந்தால் இந்திய மளிகைக் கடை என்று ஓட்ட வேண்டியதுதான். காஸ்ட்கோ வாசலில் அட்டை பார்க்கிறவர் எங்கள் அப்பாவைத் தூரத்தில் கண்டாலே கையசைக்கத் தொடங்கிய கட்டத்தில், இதற்கு மேல் தாங்காது, வேறு ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அந்தச் செப்டம்பரில் எங்கள் வர்ஜீனியா வீட்டில் இரு தரப்புப் பெரியவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அப்பா, தமிழ்நாட்டு உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சாயத்து யூனியன்களின் ரொக்கப் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டியே தலை நரைத்தவர். வேலை ஓய்ந்தது; குணம் ஓயவில்லை. ஹோட்டலில் பில் வந்தால் கூட்டிப் பார்ப்பார். கூட்டல் சரியாக இருந்துவிட்டால் முகம் லேசாக வாடும்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். உடன்குடிப் பக்கம், பனங்காட்டு மண். அப்பா பத்து வாக்கியத்தில் சொல்வதை அத்தை ஒரே வாக்கியத்தில் முடித்து, அதிலும் பாதியை விழுங்கிவிடுவார். என் கணவர் மதுவின் வாசனையே அறியாதவர். மகள் பன்னிரண்டு வயதுக்காரி. பள்ளியில் வர்ஜீனிய வரலாறு படிப்பதால் வீட்டில் யாரை வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற அதிகாரத்தில் இருப்பவள். மிச்சம் நான். எனக்கு ஒயின் பிடிக்கும். இரண்டு குடும்பங்களின் வரலாற்றிலும் அதுவரை பதிவேறாமல் இருந்த செய்தி அது.

வீட்டிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் சார்லட்ஸ்வில். சுற்றியுள்ள மலைச்சரிவெல்லாம் ஒயினரிகளும், ஆப்பிள் மது எடுக்கும் சைடரிகளும். நடுவே ஒரு குன்றின் உச்சியில், அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனின் வீடு, மாண்டிசெல்லோ. நான் வீட்டில் அறிவித்த நிகழ்ச்சி நிரல் இதுதான்: “ஜெபர்சன் வீட்டைப் பார்க்கப் போறோம். வழியில ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு ஆப்பிள் தோட்டம்.” இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அந்தத் திராட்சையும் ஆப்பிளும் அங்கே எந்த நிலைமையில் கிடைக்கும் என்பதைத்தான் சொல்லவில்லை. “அம்மா கேட்டா ஆப்பிள் ஜூஸ்னு சொல்லிக்கலாம்” என்று கணவர் கிசுகிசுத்தார்.

காரில் மகள் வகுப்பெடுத்தாள். 1619-இல் ஜேம்ஸ்டவுனில் கூடிய சட்டசபை, குடும்பத் தலைவர் ஒவ்வொருவரும் பத்துத் திராட்சைக் கொடி நட்டு வளர்த்தே தீரவேண்டும் என்று சட்டம் போட்டதாம். அப்பா முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நட்டாங்களா?”

“நட்டாங்க தாத்தா. எல்லாம் செத்துப்போச்சு.”

“திட்டம் அறிவிச்சாச்சு, இலக்கு எட்டலை.” சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார். “பயனாளிகள் பட்டியல் இருக்கா?”

நானூறு வருஷத்துக்கு முந்தைய திட்டத்துக்குப் பயனாளிகள் பட்டியல் கேட்டால் பன்னிரண்டு வயதுக் குழந்தை எங்கே போவாள்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைய தணிக்கை தொடங்கிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

முதல் நிறுத்தம் பார்பர்ஸ்வில். 1976-இல் இத்தாலிய ஒயின் குடும்பத்து ஜியானி ஜோனின் தொடங்கிய திராட்சைத் தோட்டம். கொடி வரிசைகளுக்குப் பக்கத்தில், கூரை இல்லாமல் தூணும் சுவருமாக ஒரு செங்கல் மாளிகை நிற்கிறது. வர்ஜீனியாவின் ஆளுநராக இருந்த ஜேம்ஸ் பார்பருக்காக நண்பர் ஜெபர்சன் வரைந்துகொடுத்த வீடு. 1884 கிறிஸ்துமஸ் அன்று தீப்பிடித்து எரிந்தது, எரிந்தபடியே பாதுகாக்கிறார்கள். நடுவில் எண்கோண வடிவத்தில் ஒரு கூடம் இருந்ததாம். தோட்டத்தின் பேர்பெற்ற சிவப்பு ஒயினுக்கு ‘ஆக்டகன்’ என்று பெயர் வைத்தது அதனால்தான்.

அப்பா இடிபாட்டைச் சுற்றி வந்தார். ஜெபர்சனின் வரைபடத்தில் கூடத்துக்கு மேலே ஒரு குவிமாடம் இருந்தது, ஆனால் கட்டவில்லை என்று மகள் சொல்லிவிட்டாள். டைரியில் ஏறியது: “மதிப்பீட்டில் உள்ள குவிமாடம் களத்தில் இல்லை.”

“அப்பா, வீடே எரிஞ்சு போச்சு.”

“எரிஞ்சதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே. கட்டாததைத்தான் கேக்கிறேன்.”

அடுத்து ருசிக்கூடம். அப்பா ஆயுள் முழுக்க அறிந்த மதுக்கடைக்குக் கம்பி வலை இருக்கும்; வலையில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் ஒரு கை. இங்கே மர மேசை, பூ ஜாடி, ஜன்னல் வழியே நீலமலைத் தொடர். “லைப்ரரி மாதிரி இருக்கே” என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். பட்டியலையும் கண்ணாடிக் கோப்பையையும் ஊற்றிக்கொடுக்கும் பெண் இயல்பாகவே என் கணவர் முன்னால் வைத்தார். கணவர் அதை இரண்டு விரலால் வலது பக்கம் நகர்த்தினார். வலது பக்கம் நான்.

மேசையில் யாரும் மூச்சு விடவில்லை. அத்தை உப்பு பிஸ்கட்டை நடுவழியில் நிறுத்தினார். அப்பா என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், பட்டியலில் விலையைப் பார்த்தார்.

“காசு கட்டியாச்சா?”

“கட்டியாச்சுப்பா.”

“குடிக்கலேன்னா திருப்பித் தருவாங்களா?”

“தரமாட்டாங்க.”

“அப்ப குடிச்சிரு. வீணாக்காதே.”

ஒழுக்கமும் சிக்கனமும் நேருக்கு நேர் மோதினால் எங்கள் வீட்டில் எது ஜெயிக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்தது. தெரிந்திருந்தால் கல்லூரிக் காலம் வேறு மாதிரி போயிருக்கும்.

அந்தப் பெண் ஒயினை வர்ணிக்கத் தொடங்கினார். கோப்பையைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டால் முதலில் கறுப்புச் செர்ரி வருமாம். பிறகு பதப்படுத்திய தோல், புகையிலை, மழை பெய்த காட்டு மண். மகள் தமிழாக்கிச் சொல்ல, அப்பா கவலையோடு கேட்டார்: “இத்தனையும் கலக்கிறாங்களா? உணவுப் பாதுகாப்புத் துறை ஆட்கள் இந்தப் பக்கம் வர்றதே இல்லையா?” எதுவும் கலப்பதில்லை, எல்லாம் திராட்சையின் மணம்தான் என்று விளக்கினேன். “அப்ப திராட்சை மணம்?” என்றார். பட்டியல் முழுக்கத் தேடிப் பார்த்தேன். திராட்சை மணம் என்று எந்த ஒயினுக்கும் எழுதியிருக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரர் ஒருவர் வாயில் ஊற்றிக்கொண்டதைக் கொப்பளித்து ஒரு சின்ன வாளியில் துப்பினார். பல ஒயின்களைச் சோதிக்கிறவர்கள் தலை கனக்காமல் இருக்கச் செய்வது அது. அப்பாவுக்கு அந்தக் காட்சி தாங்கவில்லை. சாராய வழக்குக் கதைகளைக்கூட அவர் சலனமில்லாமல் கேட்டிருக்கிறார். காசு கொடுத்து வாங்கியதை மனுஷன் துப்புவதை அவர் பார்த்ததில்லை. “வாளியில இருக்கறதுக்கு இருப்புப் பதிவேடு உண்டா?” என்று என்னிடம் கேட்டார். பிறகு, ஊற்றிக்கொடுத்த பெண்ணுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரலாறு சொன்னார். 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அரசுக்கு வருமானம் குறைந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரியைப் போட்டார். பிறகு மதுவிலக்கு போய்விட்டது, விற்பனை வரி போகவில்லை. அந்தப் பெண் ரசித்துச் சிரித்தார். அவர் கொடுத்த பில்லில் கடைசி வரி விற்பனை வரி. அப்பா அதை விரலால் தொட்டுக் காட்டினார், பழைய நண்பரை அறிமுகம் செய்கிற முகத்தோடு.

இரண்டாவது நிறுத்தம் காசில் ஹில் சைடர். இந்த எஸ்டேட்டின் பழைய உடைமையாளர் டாக்டர் தாமஸ் வாக்கர். 1755-இல் ஜெனரல் பிராடாக்கின் படையோடு பென்சில்வேனியா போனவர், திரும்பும்போது ஒரு ஆப்பிள் மரத்தின் ஒட்டுக்குச்சிகளைக் கொண்டுவந்தார் என்கிறார்கள். நியூயார்க்கில் அந்த ஆப்பிளுக்கு நியூடவுன் பிப்பின் என்று பெயர். இந்த மண்ணில் அது ஆல்பமார்ல் பிப்பின் ஆகிவிட்டது. பச்சை நிறம், புளிப்பு, பறித்த அன்றைவிடச் சில மாதம் வைத்திருந்தால் ருசி கூடும். பின்னாளில் ஆண்ட்ரூ ஸ்டீவன்சன் என்கிற அமெரிக்கத் தூதர் விக்டோரியா மகாராணிக்கு ஒரு கூடை அனுப்பிவைக்க, ராணிக்குப் பிடித்துப்போய், இந்த ஆப்பிளுக்கு இறக்குமதித் தீர்வையே ரத்தானதாகச் சொல்வார்கள். “அன்பளிப்பு கொடுத்து வரி விலக்கு வாங்கியிருக்கான்” என்று அப்பா டைரியைத் திறந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு கூடை ஆப்பிளுக்கு வேலை முடியாது என்ற வருத்தம் அந்தக் குரலில் இருந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மேசையில் சைடர் வந்தது. வைக்கோல் நிறம், விளிம்பில் நுரைமுத்து. கணவர் தயாராக வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னார்: “அம்மா, இது ஆப்பிள் ஜூஸு.”

அத்தை கோப்பையை எடுக்கவில்லை. கொஞ்சம் குனிந்தார், ஒரு தடவை மூச்சை இழுத்தார், நிமிர்ந்தார்.

“யார்ட்டல கதை விடுத? பானையில சுண்ணாம்பு தடவாம விட்ட பதநீலா இது.”

அதற்கப்புறம் எங்களுக்குக் கிடைத்த வகுப்பை அந்தச் சைடரியில் காசு கொடுத்தாலும் கேட்டிருக்க முடியாது. பாளையில் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் விடியலில் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் இறங்குவது கள். காற்றிலும் கலயத்திலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சங்கதி இனிப்பைத் தின்னும். தின்ன இனிப்புதான் ஒரு பக்கம் நுரையும் ஒரு பக்கம் போதையுமாகிறது. சுண்ணாம்பு இருந்தால் அது வேலை செய்யாது. வெயில் ஏற ஏறக் கள்ளின் புளிப்பு ஏறும், சாயங்காலம் வாயில் வைக்க முடியாது. ஈஸ்ட், சர்க்கரை, கரியமில வாயு என்று அங்கிருந்த ஊழியர் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி விளக்கியதும் இதுதான். அவருக்குப் படம் தேவைப்பட்டது.

“கள்ளு இறக்கறது 1987-லேருந்து நம்ம ஊர்ல தடை, சம்பந்தியம்மா” என்று அப்பா பதற்றமாக நினைவூட்டினார்.

“தடைன்னா சர்க்காருக்குத்தான அண்ணாச்சி. புளிக்கிறதுக்கு யாரு தடை போட?” என்றார் அத்தை.

தோட்டத்தில் இன்னொன்றும் காட்டினார்கள். காகசஸ் மலைப்பக்கத்து ஜார்ஜியா நாட்டிலிருந்து வரவழைத்த பெரிய மண் ஜாடிகளைக் கழுத்தளவுக்கு மண்ணில் புதைத்து, அதற்குள் சைடரை ஊறவிடுகிறார்கள். க்வெவ்ரி என்று பெயர். மண்ணின் குளிர்ச்சியில் கொதிப்பு அடங்கி நிதானமாக நடக்கும். அத்தை குனிந்து, ஜாடியின் வாயைச் சுற்றி விரலை ஓட்டினார். “தாழியா? விரிசல் விட்டா எப்படிக் கண்டுபிடிப்பீய?” என்று கேட்டார். மகள் மொழிபெயர்த்தாள். ஊழியர் அத்தையை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். அது நல்ல கேள்வி என்று சொல்லி, பதிலுக்கு இன்னொரு ஆளைக் கூட்டிவரப் போனார். கூட்டிவந்த ஆள் எல்லாரையும் விட்டுவிட்டு அத்தையிடமே பேசினார். மொழி தேவைப்படவில்லை, கையால் அளவு காட்டிக்கொண்டார்கள். எங்களுக்கெல்லாம் ஒரு கோப்பை, அத்தைக்கு மட்டும் பட்டியலில் இல்லாத ஒன்றிலிருந்து ஒரு வாய் வந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, “தேவல” என்றார். உடன்குடியில் அதற்கு மேல் சான்றிதழ் கிடையாது.

மதியத்துக்கு மேல் மாண்டிசெல்லோ. ஜெபர்சன் 1769-இல் கட்டத் தொடங்கி, இடித்து, திருத்தி, 1809 வரை கட்டிக்கொண்டே இருந்த வீடு. நாற்பது வருஷக் கட்டுமானம் என்று கேட்டதுமே அப்பாவின் கண்ணில் ஒளி வந்தது. முகப்புக் கூடத்தில் ஜெபர்சன் வடிவமைத்த பெரிய கடிகாரம். எடைகள் கயிற்றில் இறங்க இறங்க, சுவரில் எழுதியிருக்கும் கிழமைகளைக் காட்டும். ஆனால் சுவரின் உயரம் வாரத்துக்குப் போதவில்லை. தரையில் ஓட்டை போட்டுக் கயிற்றை இறக்கிவிட்டார்கள். அதனால் சனிக்கிழமை நிலவறையில் வருகிறது. “வாரத்துக்கு ஏழு நாள்னு மதிப்பீடு போடறப்பவே தெரியாதா?” என்று அப்பா கேட்டார். மாடிப்படியின் அகலம் இரண்டே அடி. பெரிய படிக்கட்டு இடத்தையும் காசையும் தின்னும் என்று ஜெபர்சன் நினைத்தார். “இது ஒண்ணுதான் சரியா செஞ்சிருக்கார்” என்று அப்பா பாராட்டினார். அந்தப் படியில் தானே பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறமுடியும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி நல்ல கதைசொல்லி. ஜெபர்சனைப்போல் ஒயின் தெரிந்த ஜனாதிபதி வேறு கிடையாது என்றார். 1786-இல் பாரிசில் தூதராக இருந்தபோது மணிக்கட்டு முறிந்து சரியாகக் கூடவில்லை. தெற்கே எக்ஸ் நகரத்து வெந்நீர் ஊற்றில் கையை நனைத்தால் குணமாகும் என்று மருத்துவர்கள் சொல்ல, 1787-இல் கிளம்பினார். கிளம்பியவர் மூன்று மாதத்துக்கு மேல் பர்கண்டி, வட இத்தாலி, போர்தோ என்று திராட்சைத் தோட்டம் திராட்சைத் தோட்டமாகச் சுற்றினார். ஊற்று நீரால் கைக்கு ஒரு பயனும் இல்லை.

“மெடிக்கல் லீவுல டூர்” என்று அப்பா முணுமுணுத்தார். பிறகு ஆங்கிலத்தில், “பயணப்படி யார் கொடுத்தது?” என்று கேட்டார். வழிகாட்டி அடுத்த அறைக்கு வழிகாட்டினார்.

இவ்வளவு ருசி தெரிந்த மனிதரால் சொந்தத் தோட்டத்தில் ஒயின் எடுக்க முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. 1773-இல் பிலிப் மாட்சேய் என்கிற இத்தாலியர் கொடிகளோடும் தோட்டக்காரர்களோடும் வந்து பக்கத்திலேயே குடியேறினார். சுதந்திரப் போர் குறுக்கே வந்தது. மாட்சேய் ஐரோப்பா போக, அவர் வீட்டில் வாடகைக்கு இருந்த ஜெர்மானியத் தளபதியின் குதிரைகள் கொடிகளை மிதித்துத் தீர்த்தன. ஜெபர்சன் விடவில்லை. 1807-இல் மட்டும் 24 ஐரோப்பிய வகைகளில் 287 கொடிகளும் குச்சிகளும் நட்டார். அதுவும் நிலைக்கவில்லை. பூஞ்சை ஒரு பக்கம். அமெரிக்க மண்ணில் ஐரோப்பியக் கொடியின் வேரைக் குடைகிற பிலாக்செரா என்னும் நுண்பூச்சி இன்னொரு பக்கம். உள்ளூர்க் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினால் பிழைக்கும் என்று உலகம் தெரிந்துகொண்டபோது ஜெபர்சன் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. மாண்டிசெல்லோவின் திராட்சையிலிருந்து அவர் ஒரு பாட்டில் ஒயினாவது எடுத்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

குடிக்க மட்டும் குறையில்லை, எல்லாம் இறக்குமதி. ஜனாதிபதி சம்பளம் ஆண்டுக்கு 25,000 டாலர். பதவியிலிருந்த எட்டு ஆண்டுகளில் ஒயினுக்கு மட்டும் செலவு 10,000 டாலருக்கு மேல். சாப்பாட்டு அறையில் கணப்பின் இரு பக்கமும் ரகசியக் கதவு. உள்ளே ஒரு பெட்டி கயிற்றில் ஏறி இறங்கும். நிலவறையிலிருந்து நிறை பாட்டில் மேலே வரும், காலி பாட்டில் கீழே போகும்.

இன்னொரு தகவல் அப்பாவை உலுக்கிவிட்டது. ஜெபர்சன் 1767 முதல் 1826 வரை அன்றாடச் செலவு அத்தனையையும் கைப்பட எழுதிவைத்தவர். சில்லறைச் செலவுகூட விடுபடாது. ஆனால் வரவையும் செலவையும் கூட்டிக் கழித்து இருப்பு என்ன என்று அவர் பார்த்ததே இல்லை. சாகும்போது கடன் 1,07,000 டாலர்.

“அறுபது வருஷம்!” என்றார் அப்பா. “அறுபது வருஷம் எழுதியிருக்கான், ஒரு தடவை கூட்டியிருக்கக் கூடாதா?” மகள் தன் பையிலிருந்து ஐந்து சென்ட் காசை எடுத்துக் காட்டினாள். முன்னால் ஜெபர்சன் முகம், பின்னால் இதே வீடு. 1938 முதல் இருக்கிறது. அப்பா சத்தமாகச் சிரித்தார். “கடன்ல மூழ்கின வீட்டைக் காசு மேலயே அடிச்சிருக்காங்களே!”

நாங்களும் சிரித்தோம். அந்த வேகத்திலேயே, “கடனை யார் அடைச்சா?” என்று கேட்டார்.

1827 ஜனவரியில் ஏலம் போட்டார்கள் என்றார் வழிகாட்டி. வீட்டுச் சாமான்கள், கால்நடைகள், 130 அடிமைகள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதியவர், வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தார். ஏலத்தில் குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் போயின.

அப்பா அதற்கப்புறம் சமையலறைப் பக்கமும் நிலவறைப் பக்கமும்தான் நின்றார். அங்கே ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்பவரின் கதை இருக்கிறது. ஜெபர்சனோடு பாரிஸ் போய்ப் பிரெஞ்சுச் சமையல் கற்றவர், அடிமை. தம்பி பீட்டருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்பது ஒப்பந்தம். கற்றுக்கொடுத்துவிட்டு, 1796-இல் விடுதலையாகிப் போகும்முன், சமையலறைப் பாத்திரங்கள் அத்தனைக்கும் கைப்படப் பட்டியல் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. அதன் கதையை அப்பா மகளிடம் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். “பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல்” என்றார். “இந்த வீட்டுல கணக்கை முடிச்சுக் கொடுத்துட்டுப் போன ஒரே ஆள் இவர்தான்.”

சைடர் கதையும் அங்கேதான் இருந்தது. ஒயின் கைகொடுக்காத ஜெபர்சனுக்குச் சாப்பாட்டு மேசையில் அன்றாடத் துணை சைடர். அது மட்டும் தோட்டத்திலேயே நன்றாக வந்தது. அதைப் பாட்டிலில் அடைப்பதற்கு நம்பிக்கையும் கைத்திறனும் சேர்ந்த ஆள் அர்சுலாவைத் தவிர இங்கே வேறு யாரும் இல்லை என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அர்சுலா கிரேஞ்சர், 1773-இல் ஏலத்தில் வாங்கப்பட்டவர். மகள் சொல்லச் சொல்ல அத்தை கேட்டுக்கொண்டிருந்தார். “அடைக்கிற பக்குவம் பிந்தினா புளிச்சிரும், முந்தினா பாட்டில் வெடிச்சிரும்” என்றார். “அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தாவளாம்?”

மகள் பதில் சொல்லவில்லை. அத்தையும் மறுபடி கேட்கவில்லை. அப்பாவின் டைரியில் அன்று அந்தப் பக்கத்தில், பற்று என்று ஒரு பத்தி, வரவு என்று ஒரு பத்தி போட்டு, ஒரு பத்தியை நிரப்பாமல் விட்டிருந்தார்.

வெளியே வந்தால் ஆயிரம் அடி நீளக் காய்கறித் தோட்டம். மாளிகைக்குள் அதிகம் பேசாமல் நடந்த அத்தைக்கு இங்கே வாய் திறந்தது. வெண்டைக்காய் இருந்தது. பந்தலில் ஊதா நிறத்தில் அவரைக்கொடி பூத்துக் காய்த்திருந்தது. ஜெபர்சன் எள்ளும் பயிரிட்டார், எள்ளெண்ணெய் அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று மகள் சொன்னதும், முதல்முறையாக அத்தைக்கு அந்த மனிதர்மேல் ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டது. “எண்ணெய் தெரிஞ்சிருக்கு. ஆனா வெண்டைக்காயை முத்த விட்டுட்டாவளே.” காவலாளி நின்றதால் மட்டுமே அவரைக்காய் பறிபடாமல் தப்பியது.

திரும்பும் வழியில் சாலையோரப் பழக்கடை ஒன்றில் அத்தை காரை நிறுத்தச் சொன்னார். பிழிந்த ஆப்பிள் சாறு, ஒரு காலன் ஜாடி. சூடுபடுத்தாதது, எதுவும் சேர்க்காதது, ஆகவே கவனம் என்று ஒட்டியிருந்த எச்சரிக்கையை மகள் வாசித்தாள். “அப்ப அதையே எடு” என்றார் அத்தை. குழந்தைக்குச் சத்தானது என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம்.

ஜாடி எங்கள் ஃபிரிட்ஜுக்குள் போகவில்லை. அடுப்புக்குப் பக்கத்து மூலையில், வேட்டித் துணி போர்த்தி நின்றது. “மூடியை இறுக்காத, வெடிச்சிரும்” என்று மட்டும் எனக்கு உத்தரவு. மூன்றாவது நாள் சமையலறையில் முணுமுணுவென்று ஒரு சத்தம். அந்த வார இறுதிக்குள், ஜெபர்சன் வீட்டுத் திராட்சை ஆயுளுக்கும் தராத ஒன்றை, எங்கள் வீட்டு ஆப்பிள் சாறு தந்துவிட்டது.

அப்பா பதறிப்போய்ச் சட்டத்தைத் தேடினார். வீட்டு உபயோகத்துக்கென்றால், இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை வரியில்லாமல் தயாரிக்கலாம் என்று மத்திய அரசின் விதி இருப்பதைக் கண்டுபிடித்து, நிம்மதியாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “சம்பந்தியம்மா, உங்க ஒதுக்கீட்டுல இன்னும் 199 காலன் மிச்சம் இருக்கு. நிதியாண்டு முடியறதுக்குள்ள பயன்படுத்தணும்.”

பாட்டில்களில் ஊற்றியானதும் அப்பா வெள்ளைத் தாளில் முகப்புச்சீட்டு வெட்டினார். தேதி, அளவு, கொள்முதல் விலை. கடைசியாக, ‘தயாரித்தவர்’. ஜெபர்சன் வீட்டில் பார்த்ததிலிருந்து அந்த வரி இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அத்தையின் முழுப் பெயரையும் எழுதப் பேனாவைத் திறந்தார்.

“அண்ணாச்சி, என் பேரா!” என்று அத்தை பாய்ந்து சீட்டைப் பொத்தினார். “ஊருக்கு யாராச்சும் போட்டோ அனுப்பிட்டா நான் உடன்குடியில தலை காட்ட முடியுமா? மருமவ பேரைப் போடுங்க. அவதான் எல்லார் முன்னாடியும் குடிச்சால்லா.”

அப்படித்தான், ஜாடியின் மூடியைக்கூடத் தொடாத என் பெயரில் எங்கள் வீட்டில் ஒரு சைடர் இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் பாராட்டுகிறார்கள். சீட்டின் அடியில், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும் அளவில், அப்பா ஒரு வரி சேர்த்திருக்கிறார்: “பெயர் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. தணிக்கைத் தடை நிலுவையில் உள்ளது.”